ஈரத்தில் சீவிய யானைகள்

எங்கள் ஊர்க் காற்றுக்கு நிறம் உண்டு. வெள்ளை. பீங்கான் ஷெட்டுகள் பக்கம் போனால் எருக்கஞ்செடி, ஆட்டோக் கூரை, படுத்திருக்கிற நாய், எல்லாம் மாவு பூசிக்கொண்டிருக்கும். என் அக்கா அந்த மாவைப் பல வருஷம் மூச்சில் வாங்கியவள். அச்சில் மண்கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேர்கிற இடத்தில் பொம்மையின் உடம்பில் ஒரு பிசிறு ஓடும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து அதை எடுப்பது பெண்களின் வேலை. தேய்க்கத் தேய்க்கத் தூள். தும்பைப்பூ மாதிரி அழகான தூள். அதுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தூசி வேலைய விட்டுடுங்கம்மா."

"விட்டுட்டு? காத்தத் தின்னவாங்க?" என்று அக்கா சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பைப் பாதியில் வெட்டியது.

பொம்மை ஈரமாக இருக்கும்போதே பிசிறைச் சீவினால் தூசி கிளம்பாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிற்பகலில் அச்சைத் திறந்து வெயிலில் பரப்புகிறவர்கள் ஆண்கள். பெண்கள் கைக்கு மறுநாள் காய்ந்ததுதான் வரும். கூலியும் பொம்மைக்கு இவ்வளவு என்றுதான். ஈரத்தில் கை மெதுவாக ஓடும். கை மெதுவானால் வீட்டில் உலை கொதிப்பதும் மெதுவாகும். முதலாளியைக் கேட்டதற்கு, "மூஞ்சில துணியக் கட்டிக்குங்கம்மா" என்றார்.

அக்காவின் நாத்தனார்தான் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "அச்சு நம்மளுதா இருந்தா, அதத் தெறக்குற நேரமும் நம்மளுதுதான அண்ணி?" என்று ஒருநாள் கேட்டாள். குழுவுக்குக் கிடைத்த கடனில் மூடிக்கிடந்த ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். ஜவுளிக்கடை, தையல், மாவு மில் என்று எங்கேயும் கால் தரிக்காத என்னையும் மண் பிடித்து உட்கார வைத்தது.

முதல் ஆர்டர், யானை உண்டியல். காய்ந்ததை அழுத்தித் தேய்த்தே பழகிய கைகள் எங்களுடையவை. அதே அழுத்தத்தில் ஈர யானையைப் பிடித்தோம். கன்னம் உள்ளே போயிற்று. தும்பிக்கை சுருண்டு வாயைப் பொத்திக்கொண்டது. ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பல்லுவலி வந்த எங்க வூட்டுக்காரரு மாதிரியே இருக்குது பாருங்கடி" என்றாள் நாத்தனார். ஷெட்டே அதிரச் சிரித்தோம்.

சிரித்துச் சிரித்தே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் சூளையில் ஏற்றினால்தான் வியாபாரி வருகிற நாளுக்குத் தயாராகும். தேறிய யானைகள் கொஞ்சம். எங்கள் கைக்கு எட்டுவதற்குள் பிசிறோடு காய்ந்துபோனவை வரிசை வரிசையாக. அக்கா பைக்குள்ளிருந்து உப்புத்தாளை எடுத்தாள்.

"இந்த ஒரு தடவ மட்டும். மொத ஆர்டரே போச்சுன்னா அப்பறம் ஷெட்டு ஏது?"

"யக்கா, வேணாம்" என்றேன். அவள் கேட்கவில்லை. தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். எழுந்தது வெள்ளைப் புகை.

நாத்தனார் உப்புத்தாளைப் பிடுங்கினாள். "ஏன் அண்ணி, எந்த மொதலாளி உங்கள இப்பிடி வெரட்டுறாரு? ஆளக் காட்டுங்க, போயி நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்."

அக்கா சுற்றிப் பார்த்தாள். முதலாளிகள் எல்லாரும் முழங்கைவரை மண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்காவே வியாபாரிக்குப் போன் போட்டாள். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது. "மத்த ஷெட்டுல சொன்ன நாள்ல குடுக்குறாங்களேம்மா!"

"குடுப்பாங்கண்ணே. இங்க தூசி பறக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம். ஒரு வாரம் ஆவும்."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். இனிமேல் இப்படிச் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சேர்த்துச் சொன்னார். காய்ந்த யானைகளைத் தொட்டித் தண்ணீரில் போட்டோம். காது கரைந்தது, கால் கரைந்தது, மறுபடியும் கூழ். சூளை பார்க்காத மண் எந்தத் தப்பையும் மன்னித்துத் திரும்பி வரும். நெஞ்சில் ஏறிய மண் அப்படி இல்லை. ஈர யானையைப் பிடிக்கிற வழியையும் அக்காதான் கண்டுபிடித்தாள். உள்ளங்கையில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் யானை, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அடுத்த வாரம் யானைகள் சூளையில் வெந்து பஸ்ஸேறின, ஒரு கன்னமும் கோணாமல்.

மழைக்காலம் முடிந்து அக்காவுக்கு மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள போனது போனதுதாம்மா. ஆனா இப்பதைக்கு அதுக்கு மேல ஏறல. இதே மாதிரி இருங்க. கொஞ்சம் ரெஸ்ட்டும்..."

அக்கா அதற்குள் எழுந்துவிட்டாள். "சரிங்க டாக்டரம்மா, அச்சு தெறக்குற நேரம், போயிட்டு வரேங்க."

"மாத்திர வாங்கிட்டுப் போங்கம்மா!"

"இவ வாங்குவா" என்று என்னைக் கைகாட்டிவிட்டு, வாசலில் நகர ஆரம்பித்த ஷேர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி ஏறிப் போயேவிட்டாள்.