மெசேஜ் போகாத மூன்று நாள்

கொடைக்கானலில் காய்கறி கொள்முதல் செய்யும் ஒரு சிறிய அலுவலகத்துக்கு நான்தான் புரோகிராம் எழுதுகிறேன். தினமும் மதியம் மேல்மலை விவசாயிகளுக்கு ஒரு மெசேஜ் போகும்: நாளைக்கு வண்டி வருகிறது, சரக்கு இருக்கிறதா? பதில் வந்த ஊருக்கு மட்டும் வண்டி போகும். மெசேஜ் வராவிட்டால் வண்டி இல்லை என்று அர்த்தம், யாரும் பறிக்க மாட்டார்கள்.

அவர்களுடைய போன் நம்பர் பட்டியலையும் புரோகிராமோடு சேர்த்து, அலுவலகத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்தேன். புதிதாக ஒருவர் வேலைக்கு வரப்போகிறார் என்றதும்தான் உறைத்தது, இத்தனை பேர் நம்பரும் அவர் கண்ணில் படும். பழைய பதிவுகளிலிருந்தும் அதைத் துடைக்க வேண்டும்தான். அது பெரிய வேலை, எனக்குத் தெம்பில்லை, தள்ளிப் போட்டேன்.

களஞ்சியத்திலிருந்து எடு, என் கணினியில் மட்டும் இருக்கட்டும் என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. கொடுத்தேன். கோப்பு என்னிடம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக வில்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆனால் மெசேஜ் அனுப்புவது என் கணினி இல்லை, அலுவலக மூலையில் இருக்கும் இன்னொன்று. களஞ்சியத்திலிருந்து புதிய மாற்றத்தை வாங்கிக்கொண்டபோது அது தன்னிடமிருந்த பட்டியலை அழித்துவிட்டது. பட்டியல் இல்லாவிட்டால் சத்தம் போடும்படி நான் எழுதியிருக்கவில்லை. ஒருவருக்கும் அனுப்பாமலே 'முடிந்தது' என்று காட்டியது.

மூன்று நாள் எந்த ஊரிலிருந்தும் பதில் இல்லை.

"மழைக்கு யாரும் காட்டுல எறங்கல போல," என்றார் வண்டி அனுப்புகிற அண்ணன். நானும் நம்பினேன். அசந்து போயிருக்கும்போது எந்தக் காரணமும் சரியாகத்தான் படுகிறது.

நாலாம் நாள்தான் பட்டியல் காணாமல் போனது தெரிந்தது. திரும்ப வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளாவரையில் பட்டாணி போட்டிருந்த ஒரு அக்காவுக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்றேன்.

"எல்லாம் முத்திப்போயி கொடியிலயே கெடக்குங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா."

"போன தடவ எங்க மூட்ட ஈரமா இருக்குன்னு திருப்பி விட்டீங்கல்ல. அதான் எங்க நம்பர எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"அவுகளுக்கு வந்திருந்தா?"

அன்று இன்னும் ஆறு பேரிடம் பேசினேன். ஒருவர் டிரைவரோடு சண்டை போட்டதைச் சொன்னார். இன்னொருவர், ஒரு நாள் வண்டியைக் காக்க வைத்ததைச் சொன்னார். பக்கத்துப் பக்கத்துக் காடுகளில், தன்னை மட்டும்தான் கழித்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.