சிவனே என்று நின்ற நாய்

குழந்தைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த எங்கள் கம்பெனி நாய்களுக்குத் தைக்க ஆரம்பித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருபத்தாறு வருஷமாக மெஷினில் உட்காருகிறேன். தைப்பது யாருக்கென்றாலும் முதுகு அதே இடத்தில்தான் வலிக்கிறது.

வேலம்பாளையத்தில் ஒரு சின்ன கம்பெனி. நான் அங்கே சாம்பிள் டெய்லர். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் துணி வாங்கப்போகும் வெளிநாட்டுப் பையருக்குக் காட்ட ஒன்றிரண்டு தைத்து அனுப்புவார்களே, அதைத் தைப்பவள். சாம்பிள் செக்‌ஷனில் பேட்டர்ன் மாஸ்டரையும் சேர்த்து நான்கு பேர். குழந்தைத் துணி ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. சாம்பிளே இல்லாதபோது செக்‌ஷன் எதற்கு என்ற பேச்சு காதில் விழ ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் நாய் ஆர்டர் வந்தது. ஆபரேஷன் ஆன நாய்களும் தோல் அரிப்புள்ள நாய்களும் போட்டுக்கொள்ள மெத்தென்ற காட்டன் பனியன். உடம்பு முழுக்க மூடும், முன்னங்கால்களுக்கு அரைக்கை உண்டு.

"ஃபிட் அப்ரூவல் மட்டும் வந்துட்டா நாம தப்பிச்சோமுங்க்கா," என்றார் முதலாளி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், தோட்டம் காடு உள்ள குடும்பம். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அளவு சரியென்று பையரிடமிருந்து அப்ரூவல் வராவிட்டால் நாங்கள் நான்கு பேரும் வேறு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது. ஐம்பது வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் வேலை கேட்டால் எந்தக் கம்பெனியில் உட்காரச் சொல்வார்கள்?

மாஸ்டர் பிறந்த குழந்தை முதல் இரண்டு வயது வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பேட்டர்ன் போடுவார். நாய்க்கும் அதே அட்டையை எடுத்து விரித்தார். "கொழந்தையும் நாலு கால்லதானுங்க்கா தவழுது. முதுகக் கொஞ்சம் நீட்டுனா ஆச்சு," என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. துணி வெட்டினார்கள், தைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் நாய் இல்லை.

"அக்கா ஊட்ல ஒண்ணு இருக்குதுங்களே," என்று மாஸ்டர் என்னைக் கோர்த்துவிட்டார்.

நான் நாய் வளர்க்க ஆசைப்பட்டவள் இல்லை. மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த செவலைக் குட்டி அது. அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும், ஹாஸ்டலில் நாயை விடமாட்டார்கள் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அவள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தாள். நான் 'ஏல' என்றுதான் கூப்பிடுவேன். கம்பெனியில் எனக்கு 'ங்க' தானாக வரும். நான் பிறந்த தென்காசிப் பக்கத்துப் பேச்சு பேச வீட்டில் அந்த நாய் மட்டும்தான் மிச்சம். "ஏல, காலுக்குள்ள வராத," என்று நாளைக்கு நூறு தடவை வைவேன். அது வாலை ஆட்டிக்கொண்டு மறுபடியும் காலுக்குள்ளேயே வரும். துவைக்கிற துணியைக் கவ்விக்கொண்டு ஓடும். அதன் பின்னால் ஓடி ஓடி எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்படிப்பட்ட நாய், பனியனைப் போட்டதும் சிவனே என்று நின்றது. கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில், நாலு காலையும் ஊன்றி, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது. மாஸ்டர் டேப்பை வைத்து அளந்தார், பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பொண்ணு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாள், வீடியோ காலில் பையர் வந்து பார்த்தார். ஒரு முனகல் இல்லை. குழந்தைகளுக்கு ஃபிட் பார்க்கும்போது நாங்கள் படாத பாடு பட்டவர்கள். கத்தும், உதைக்கும், துணியை நனைக்கும். "என்ன அடக்கம் பாருங்க!" என்று முதலாளி வியந்துபோனார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் வளர்ப்பு அல்லவா?

அடுத்தது வேர் டெஸ்ட். எட்டு மணி நேரம் போட்டிருந்து எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் போட்டுவிட்டேன். நாய் போய்ச் சுவர் ஓரமாக நின்றது. அன்றைக்கு என் காலுக்குள் வரவில்லை, துணியை இழுக்கவில்லை. நான் பல மாசத்துக்குப் பிறகு பகலில் நிம்மதியாகக் கொஞ்ச நேரம் படுத்தேன். இடையில் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன், அதே இடத்தில்தான் இருந்தது. பேப்பரில் 'சௌகரியமாக இருக்கிறது, தொந்தரவு இல்லை' என்று எழுதி, சாயங்காலத்துக்கு முன்னாலேயே கையெழுத்தும் போட்டு, போனில் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பியும்விட்டேன்.

சாயங்காலம் பனியனைக் கழற்றினேன். நாய் மூக்கு முதல் வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. நேராகத் தண்ணீர்ச் சட்டிக்கு ஓடி, சட்டி காலியாகும் வரை குடித்தது. பிறகு வாசலுக்குப் போய்க் காலைத் தூக்கியது. தூக்கிய காலை இறக்கவே மாட்டேன் என்கிறது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை. சட்டி நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தது. பிடித்துத் திருப்பிப் பார்த்தால் இரண்டு முன்னங்கால் இடுக்கிலும் தையல் போன வழியே தோல் சிவந்து கன்றியிருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. சாம்பிளுக்கு வருவதற்கு முன் மற்றவர்களோடு வரிசையாக லைனில் தைத்த காலத்தில் நான் எழுந்து போனால் என் இடத்தில் துணி குவிந்துவிடும். சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பார். அதனால் காலையில் ஒரு காப்பி, மத்தியானம் சோற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். குடித்தால்தானே பாத்ரூம் போகணும். "இந்தப் பொண்ணப் பாருங்க, உக்காந்த எடத்த உட்டு எந்திரிக்கறதே இல்ல," என்று புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. பிற்பாடு சிறுநீரகத்தில் கல் வந்து சுருண்டு கிடந்தபோதும் அந்தப் பெருமை போகவில்லை. அப்படி இருந்தவள், ஒரு நாய் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு என்னத்தை எழுதியிருப்பேன்?

திங்கட்கிழமை நாயையும் கூட்டிக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். "சார், அந்தப் பனியன் சரியில்லீங்க. நான் எழுதிக் குடுத்தது தப்புங்க," என்றேன்.

"அப்ரூவல் வந்தாச்சுங்க்கா. துணி வந்து எறங்கிருச்சுங்க. நாளைக்கு கட்டிங்குங்க," என்றார்.

வெயிலில் நடந்து வந்த நாய்க்கு நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பனியனைப் போட்டுவிட்டேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி எதிரே வைத்தேன். நாய் தண்ணீரையே பார்த்தது, போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றினேன். பாய்ந்து போய்க் குடித்தது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கீழே உட்கார்ந்து, அதன் முன்னங்காலைத் தூக்கிச் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தார். "ஏனுங்க்கா, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்றார்.

"மொதல்ல எனக்கே தெரியாதுங்க சார்."

மூன்று நாள் கொடுத்தார். பையரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் வேலை என்று வந்தால் மனுஷன் மனுஷன்தான். நாயைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தரையில் படுத்து அடியிலிருந்து பார்த்தார். "கொழந்தைக்குக் கை பக்கவாட்டுல இருக்குதுங்க. இதுக்குக் காலு ரெண்டும் நெஞ்சுக்கு அடியிலயல்லங்க இருக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை நுழையும் ஓட்டையை நெஞ்சுப் பக்கம் நகர்த்தினோம். வயிற்றுப் பக்கம் நன்றாக வெட்டிவிட்டோம். தையல் உள்ளே உரசாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி நான் திருப்பித் தைத்தேன். எங்கேயும் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

போட்டுவிட்டால் நாய் நின்றது.

பிரித்து இன்னும் தளர்த்தினோம். நின்றது. கழுத்திலும் கையிலும் இழுபடும் ரிப் துணியை மாற்றிப் பார்த்தோம். அப்போதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், மெஷினிலிருந்து சாம்பிளைக் கையில் எடுத்தேன். போடக்கூட இல்லை. துணி என் கையில் இருப்பதைப் பார்த்ததுமே, மேஜைக்கடியில் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்த நாய் எழுந்து நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அப்ரூவல் எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. "ஏல, நகருல. ஒரு எட்டு வையில. ஒண்ணும் செய்ய மாட்டேம்ல," என்று தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை என் முன்னால் அது நகர்ந்தால் போதும் என்றிருந்தது. மாஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பனியன் உறுத்துதா இல்லியான்னு இது இனிமே சொல்லாதுங்க சார். வேற நாயப் பாருங்க," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் தன் வீட்டு நாயைக் காரில் வைத்துக் கொண்டுவந்தார். கொழுகொழு என்று, சோபாவில் தூங்கி எழுந்த நாய். அதற்குப் பனியனைப் போட்டோமோ இல்லையோ, மெஷின் சந்துகளில் எல்லாம் புகுந்து ஓடியது. மாஸ்டரின் டேப்பைக் கவ்வியது, மேஜைக் காலை நனைத்தது, தண்ணீர் குடித்துவிட்டுப் பனியனோடு மல்லாந்து புரண்டது. வீடியோ காலில் பையர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்ரூவல் வந்தது. செக்‌ஷன் பிழைத்தது. டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார்கள். "இப்பத் திருப்திதானுங்க்கா?" என்று முதலாளி கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, பஜ்ஜியை எண்ணெய் போகப் பேப்பரில் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பனியன் இப்போது எந்தெந்த ஊர் நாய்களோ போட்டுக்கொண்டு சௌகரியமாக ஓடிக்கொண்டிருக்கும். அது நல்ல பனியன்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கேட்டைத் திறந்ததும் நாய் அவள்மேல் பாய்ந்து, துப்பட்டாவைக் கவ்வி இழுத்து, வீட்டுக்குள் மூன்று சுற்று ஓடியது. அவளும் பின்னாலேயே ஓடினாள். எனக்கும் ஆசையாக இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அதன் பக்கத்தில் குனிந்தேன். கையில் துணி கிடையாது, ஒன்றுமே கிடையாது. தடவிக் கொடுக்கத்தான் கையை நீட்டினேன்.

நாய் ஓட்டத்தை நிறுத்தியது. என் முன்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, பனியன் கைக்குள் நுழைப்பதற்கு வாகாக ஒரு முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்தது. நான் அதை மெல்லக் கீழே விட்டேன். உடனே அடுத்த காலைத் தூக்கிக் கொடுத்தது.

"அய்யோ அம்மா, ஷேக்ஹேண்ட் எல்லாம் குடுக்கப் பழக்கிட்டியா!" என்று மகள் கைதட்டிச் சிரித்தாள்.

ஆமா என்றேன்.