ஆல்பாவுக்காகச் சிரித்தவள்

மக்தலேனா ஆற்றங்கரை ஊரான பாரன்கியாவில் ஐம்பத்தாறாம் வருஷம் பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் ஈ காக்கை இருக்காது. வெயிலுக்குப் பயந்து யாரும் உள்ளே போகவில்லை. வெயில் அந்த ஊரோடு கூடப் பிறந்தது. வானொலியில் 'ஆல்பாவின் விதி' நாடகம் ஓடும் நேரம் அது. தையல்காரி மிஷினை நிறுத்திவிடுவாள். மீன்காரி கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். சவரக்கடைக்காரர் பாதிக் கன்னத்து நுரையோடு வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ரேடியோப் பக்கம் திரும்பிக்கொள்வார். வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அந்த நேரம் பார்த்து வந்ததே அதற்காகத்தான்.

ஆல்பாவுக்குக் குரல் கொடுத்தவள் லுக்ரேசியா. அழுகையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விம்மல், கேவல், அடக்கிய அழுகை, அடக்க முடியாத அழுகை, எது கேட்டாலும் தருவாள். சிரிப்பு மட்டும் வராது. அவள் சிரித்தால் முட்டையிட்ட கோழி ஊருக்குச் செய்தி சொல்வது போலிருக்கும். முதல் வாரமே ஒரு நேயர், ஆல்பாவுக்கு இழுப்பு நோய் இருக்கிறதா என்று கவலைப்பட்டு, கஷாயத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார்.

நாடகத்தை எழுதி நடத்திய எவரிஸ்தோ அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, வெளியே நடையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மனிதர் எழுந்து ஓடினார். காப்பித் தட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இப்ப சிரிச்சது யாரு?"

"நான் இல்லீங்க ஐயா" என்றாள் அவள். வேலை போய்விடும் என்று பயம். ஆனால் சொல்லும்போதே மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முதல் காப்பி கொடுக்கும் நெரெய்தாதான் ஆல்பாவின் சிரிப்பு. அப்போது இருபது வயது. ஆற்றின் மேல்பகுதி ஊரொன்றில் பிறந்து, பதினாலு வயதில் தாயை இழந்து, எதெல்மீரா சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். நிலையத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: ஆல்பா சிரிப்பது யார் என்று வெளியே மூச்சு விடக்கூடாது, வீட்டிலும் சொல்லக்கூடாது. நெரெய்தா சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. எல்லாம் நேரடி ஒலிபரப்பு. லுக்ரேசியா மைக்கின் இந்தப் பக்கம், நெரெய்தா அந்தப் பக்கம். எவரிஸ்தோ விரலை நீட்டினால் சிரிக்க வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும்.

அவளுக்கு எதிரே நின்றவன் உபால்தோ, சத்தக்காரன். இரண்டு கொட்டாங்கச்சி இருந்தால் போதும், குதிரை ஓட்டிவிடுவான். தகரத்தை உதறினால் இடி. ஒரு பேசின் தண்ணீரில் கையை விட்டு அளைந்தால் மக்தலேனா ஆறு. மிங்கோ என்று நாடகத்தில் ஒரு படகோட்டி உண்டு, வாரத்துக்கு நாலு வரி பேசுவான். அதற்குத் தனி நடிகர் எதற்கு என்று அதையும் உபால்தோவின் தலையில் கட்டிவிட்டார்கள். ஆக, ஒரு கையால் ஆற்றை ஓட்டிக்கொண்டே வாயால் மிங்கோவாகப் பேசுவான். பேச்சு முடிகிற நேரம் பார்த்து விரல் நுனியால் ஒரு சொட்டு ஆற்றை நெரெய்தாவின் மூக்கில் தெறிப்பான்.

கதாநாயகன் டாக்டர் லிசாந்த்ரோ வரும் காட்சிகளில் உபால்தோவுக்குக் குதிரை, கதவு, பியானோ மூடி என்று கைநிறைய வேலை. தலை நிமிர நேரமிருக்காது. அந்தக் காட்சிகளில் நெரெய்தா விரலைப் பார்த்துச் சிரித்தாள். மிங்கோ வரும் காட்சிகளில் விரல் மடங்கிய பிறகும் சிரித்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிலையத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. வெளியே ஊருக்கே கேட்டுவிட்டது.

முதல் கடிதம் மார்க்கெட்டிலிருந்து, ஒரு மீன்காரி யாரிடமோ சொல்லி எழுத வைத்தது. உபால்தோதான் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தான்: "ஐயா, உங்க ஆல்பா டாக்டர்கிட்ட பல்லால சிரிக்கிறா, படகுக்காரன்கிட்ட வயித்தால சிரிக்கிறா. எனக்கு ரெண்டு கல்யாணம் ஆச்சு, ரெண்டு சிரிப்பும் தெரியும். புள்ளைய ஏன் தப்பான எடத்துல தள்ளப் பாக்குறீங்க?"

காப்பிக் கோப்பை ஒன்று தட்டிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. நெரெய்தா குனிந்து பொறுக்கினாள். முகம் காட்ட முடியாதவர்களுக்கு உடைந்த கோப்பை பெரிய உதவி.

"லுக்ரேசியாம்மா, ஒங்க வயித்தப் பத்தி எழுதியிருக்காங்க" என்றான் உபால்தோ.

"எனக்கெதுக்குடா சொல்ற? என் வயித்துல காலையிலேருந்து ஒண்ணும் இல்ல" என்று லுக்ரேசியா நெரெய்தாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்திருந்தாள் நெரெய்தா. உபால்தோவை அவள் விரும்பினாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவன் எதையும் விளையாட்டாகச் சொல்கிற ஆள். கதவு திறந்தாலும் வணக்கம் சொல்வான், பூனை வந்தாலும் காப்பி வேண்டுமா என்று கேட்பான். மூக்கில் தெறித்த சொட்டுத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பெண் எப்படிப் போய்க் கேட்பாள்?

வீட்டிலோ வேறு கதை நடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுங்க அலுவலகக் குமாஸ்தா பெலிசாரியோ தேங்காய் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவார். நல்ல மனிதர், கஞ்சி போட்ட சட்டை, நிரந்தர உத்தியோகம். காலண்டர் தாளின் பின்பக்கத்து நகைச்சுவையைப் படித்துக் காட்டிவிட்டு, எங்கே சிரிக்க வேண்டும் என்பதையும் விளக்கிச் சொல்வார். நெரெய்தா ஒரு விளக்கத்துக்கு மூன்று 'ஹா' என்று கணக்காகச் சிரிப்பாள். சித்திக்கு அதுவே திருப்தி.

அதே சித்தி மூன்று மணி நாடகம் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்துவாள். "பாவம்டி அந்த ஆல்பா. டாக்டரக் கட்டிக்கிட்டா காலம் பூரா இப்படிக் கடனேன்னு சிரிச்சிட்டுக் கெடப்பா. பெத்தவங்களுக்குக் காது இல்லையா?"

"அதானே சித்தி" என்றாள் நெரெய்தா.

"அது கெடக்கட்டும். பெலிசாரியோ ரெண்டு மாசமாப் பதிலுக்குக் காத்திருக்காரு. ஆல்பா கல்யாணத்துக்கு எனக்கும் சேத்து அவரே சீட்டு வாங்கிட்டாரு. அத்தன சோப்பு உறையும் அவரே சேத்ததுடி. அன்னைக்கு நாடகம் முடிஞ்சதும் ஒங்கிட்ட கேப்பாரு. சரின்னு சொல்லிடு. சிரிக்க வைக்கிறவன் எல்லாம் சோறு போட மாட்டான், ஒங்கம்மா அதுலதான் ஏமாந்தா."

ஆல்பாவின் கல்யாணக் காட்சியை மேடையில் வைத்து, ஊரார் முன்னால் ஒலிபரப்பச் சோப்புக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது. பத்து சோப்பு உறை கொண்டுவந்தால் உள்ளே ஓர் இருக்கை. மாப்பிள்ளை டாக்டர் லிசாந்த்ரோ என்பது ஆறு மாதத்துக்கு முன்பே முடிவானது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கல்யாணம் என்றால் சும்மா வர மாட்டார்கள். கதையில் நடந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான். சீர் வரிசை நிலையத்துக்கு வந்து குவிந்தது. காப்பிக் கெட்டில், சேவல் ஒன்று, தலையணை உறைகள், இருவர் படுக்கும் ஊஞ்சல் துணி ஒன்று. ஊஞ்சல் துணியில் சிவப்பு நூலால் எழுத்துப் பின்னியிருந்தது: 'ஆல்பா – மிங்கோ'. தலையணை உறையிலும் மிங்கோ. கெட்டிலிலும் மிங்கோ. டாக்டர் பெயருக்கு வந்தது ஒரே ஒரு கைக்குட்டை, அதுவும் அவராக நடித்தவரின் அம்மா அனுப்பியது.

எவரிஸ்தோவுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே மிங்கோவை ஆற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார். உபால்தோ பேசினில் தானே தத்தளித்து, தானே மூழ்கி, தானே குமிழி விட்டுச் செத்தான். ஊரில் நாலைந்து கடைகள் கதவை மூடின. எதெல்மீரா சித்தி துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினாள்.

"கல்யாணத்தன்னிக்கு டாக்டர்கிட்ட நல்லாச் சிரிக்கணும்" என்று நெரெய்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார் எவரிஸ்தோ. "மிங்கோகிட்ட சிரிச்சியே, அதே சிரிப்பு. வரலேன்னா ஒனக்குப் பதிலா சிரிப்பு பதிஞ்ச இசைத்தட்டு வாங்கிடுவேன், நீ காப்பியோட நின்னுக்க."

மிங்கோ செத்த பிறகு உபால்தோவுக்கு மைக்கில் பேச்சு இல்லை. அவனும் என்னவோ வாயடைத்துப் போயிருந்தான். பூனையிடம்கூடக் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை.

கல்யாண நாள் அரங்கில் விசிறிகள் ஆடின. மூன்றாம் வரிசையில் கறுப்புடையில் சித்தி, பக்கத்தில் கஞ்சிச் சட்டையில் பெலிசாரியோ, மடியில் தேங்காய் மிட்டாய். மேடையின் முன்பாதியில் லுக்ரேசியாவும் டாக்டரும் பாதிரியாராக நடித்தவரும். பின்பாதியில் ஒரு திரை; அதற்குப் பின்னால் இன்னொரு மைக், எவரிஸ்தோ, உபால்தோ, நெரெய்தா. கோயில் மணிக்காக ஓர் இரும்புத் துண்டு தொங்கியது. ஆற்றுப் பேசின் சீர் வரிசையோடு ஒரு மூலையில் கிடந்தது. அதைக் காலி பண்ண யாருக்கும் தோன்றவில்லை.

பாதிரியார் கேட்டார். லுக்ரேசியா "சம்மதம்" என்றாள். இங்கேதான் ஆல்பா மகிழ்ந்து சிரிக்க வேண்டும், அதன்மேல் மணி அடிக்க வேண்டும். எவரிஸ்தோ விரலை நீட்டினார்.

நெரெய்தா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திரையின் இடுக்கு வழியே மூன்றாம் வரிசை தெரிந்தது. இந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டால் அடுத்த அரைமணியில் அந்தக் கஞ்சிச் சட்டைக்கும் சரி சொல்லிவிடுவோம், பிறகு ஆயுசுக்கும் மூன்று 'ஹா'தான் என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.  எவரிஸ்தோ விரலை மறுபடியும் நீட்டினார். ஊரெல்லாம் ரேடியோக்கள் வாயடைத்து நின்றன.

உபால்தோ சுத்தியலைக் கீழே வைத்தான். மூலைக்குப் போய்ப் பேசினைத் தூக்கி வந்தான், கையை உள்ளே விட்டான். கோயிலுக்குள் ஆறு ஓடத் தொடங்கியது. அவன் நெரெய்தாவைப் பார்த்து, பழையபடி ஒரு சொட்டை மூக்கில் தெறித்தான்.

அவள் சிரித்துவிட்டாள். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கூடவே கண்ணில் தண்ணீரும்.  பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், அந்த மீன்காரியாகத்தான் இருக்க வேண்டும்: "அடியேய், மிங்கோ வந்துட்டான்டி."

இருக்கைகள் உருண்டன. எவரிஸ்தோ தன் கழுத்தை நெரிப்பதுபோல் சைகை காட்டினார். உபால்தோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கில் வாய் வைத்தான்.

"ஆல்பா, படகு ஓட்டுறவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எவனோ எழுதியிருக்கான். நீ அத நம்பிட்டியா?"

ஊர் ஆர்ப்பரித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, நெரெய்தாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். குரலில் விளையாட்டு இல்லை. "நான் எல்லாருகிட்டயும் கோமாளித்தனம் பண்றவன்தான். பூனைகிட்டகூடப் பண்ணுவேன். ஆனா பண்ணிட்டு, சிரிச்சாளா இல்லையான்னு திரும்பிப் பாக்குறது ஒருத்தியத்தான். சீர் வரிசையெல்லாம் வந்துருச்சு, சேவலுக்கு நான்தான் தீனி போடுறேன். என்னக் கட்டிக்கிறியா?"

பதில் சொல்ல வேண்டியது ஆல்பா. ஆல்பா பேசுவதற்கு உரிமை லுக்ரேசியாவுக்குத்தான். அவள் முன்பாதியிலிருந்து திரையை ஒரு சாண் விலக்கி எட்டிப் பார்த்தாள். டாக்டரை அல்ல, உபால்தோவையும் அல்ல, காப்பிக்காரப் பெண்ணின் முகத்தை. நெரெய்தா பேசக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டினாள், இரண்டு தடவை.

லுக்ரேசியா மைக்கிடம் திரும்பி, இரண்டு வருஷமாகக் கடன் வாங்கிய சிரிப்புக்குப் பதிலாக, தன் அழகான குரலைக் கொடுத்தாள். "கட்டிக்கிறேன் மிங்கோ. நீ வர இவ்வளவு நேரமா?"

அதற்குமேல் என்ன பேசினார்கள் என்பது ஊருக்குக் கேட்கவில்லை, ஊர் போட்ட கூச்சலில். சோப்புக் கம்பெனி ஆள் எவரிஸ்தோவைக் கட்டிப்பிடித்து, எவ்வளவு அபூர்வமான திருப்பம் என்று பாராட்டினார். எவரிஸ்தோ சற்று யோசித்துவிட்டு, மூன்று வாரம் மூளையைக் கசக்கியதாகச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் சித்தி மேடை ஏறி வந்தாள். திரைக்குப் பின்னால் நெரெய்தா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெலிசாரியோ இரண்டடி பின்னால் நின்றார்.

"அது நீயா?" என்றாள் சித்தி.

"ஆமா சித்தி."

"இந்த ரெண்டு வருஷமும் நீதானா?"

நெரெய்தா பதில் சொல்வதற்குள் பெலிசாரியோ மிட்டாய்ப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "நான் சொன்னது எதுக்கும் இந்தச் சிரிப்பு வந்ததில்ல" என்றார். "விளக்கம் வேண்டியதில்லம்மா, புரியுது." தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அன்று அவர் நெரெய்தாவின் மனதில் உயர்ந்த உயரத்துக்கு அதற்கு முன்னால் உயர்ந்ததே இல்லை.

சித்தி நகரவில்லை. திட்டு விழும் என்று நெரெய்தா தலை குனிந்தாள். ஆனால் சித்தியின் குரல் உடைந்திருந்தது.

"எட்டு வருஷமா எங்கூட இருக்க. மூணு மணிக்கு இந்தச் சிரிப்பக் கேக்கத்தான நான் அடுப்ப அணைச்சிட்டு வந்து ஒக்காருவேன். எவ பெத்த புள்ளையோ, நல்லாருக்கட்டும்னு ஆல்பாவுக்கு நேந்துக்கிட்டேன்டி. எம் வீட்டுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ இப்படிச் சிரிச்சதில்லையே."

நெரெய்தா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி முந்தானை இல்லாத ஊரில் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், டாக்டருக்கு வந்த கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பிறகு, பேசினோடு ஒதுங்கி நின்றவனைப் பார்த்தாள்.

"நீதான் செத்துப் பொழச்சவனா? ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. சோறு நான் போடுறேன். அந்தப் பேசினையும் எடுத்துட்டு வா."