கேப்டனை அடித்த ஞாயிற்றுக்கிழமை

என் சித்தி கும்ரான், கடையில் சாப்பிட வந்த ஒருவனின் மூக்கை எவர்சில்வர் சோற்றுக் கிண்ணத்தால் உடைத்ததை வொன்தொங் கடைத்தெருவே பார்த்தது. சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லி, பரிமாற வந்த பெண்ணின் பின்மண்டையில் அவன் ஒரு தட்டுத் தட்டியிருந்தான்.

"தட்டினது கைதானே, மூக்கை ஏன்மா உடைச்சீங்க?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"மூக்குதான் கிட்ட இருந்துச்சு" என்றாள் சித்தி.

அவள் முப்பது வயது தாண்டும்வரை ராணுவத்தில் சார்ஜன்டாக இருந்தவள். இப்போது பன்றிக்குடல் சூப் கடை வைத்திருக்கிறாள். குடலைக் கல்லுப்புப் போட்டு அலசி, அதற்குள் ரத்தத்தையும் சேமியாவையும் அடைத்து அவிப்பாள். பன்றித் தலையை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளப்பாள். அடிக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்குப் பேசத் தெரியாது. அதனால்தான் அந்த வருடம் மிர்யோங்கின் காது விஷயம் அவளை அப்படிப் படுத்தியது.

மிர்யோங் ராணுவ முகாமில் சித்திக்குக் கீழே இருந்தவள். அவளுக்கு இடது காது கேட்காது. பணியில் இருந்தபோது பட்ட காயம் என்று அவள் கொடுத்த மனுவை, சாட்சி இல்லை என்று அதிகாரிகள் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மாதக் கடைசியில் கடைசி விசாரணை. நடந்ததைப் பார்த்தவர்களில் சித்தி மட்டும்தான் இப்போது தேடிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தாள்.

வாக்குமூலத்தைப் பதிவு செய்ய ஹாயோன் கடைக்கு வந்தாள். அவளும் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில், ராணுவத்தை விட்டு வந்த பெண்களைப் பற்றி ஆராய்கிறாள். அவர்களின் மனுக்களுக்கும் உதவி செய்கிறாள்.

ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, "அன்னைக்குக் காலையில முகாம்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

சித்தியின் முதுகு நிமிர்ந்தது. கைகள் தாமாகவே தொடைமேல் போய் ஒட்டிக்கொண்டன. "கோளாறு எதுவும் இல்லை, கேப்டன்!"

"நான் இப்போ கேப்டன் இல்லைங்க. சாதாரணமாப் பேசுங்க."

"சரி, கேப்டன்!"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மிர்யோங் சாப்ஸ்டிக்கைச் சுவரில் விட்டெறிந்தாள். "அந்த சார்ஜன்ட் மோக், கம்பியால என் தலையில அடிச்சப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? மறுநாள் விசாரிக்க வந்த ஆபீசர்கிட்டயும் இதையேதான் கத்துனீங்க. இன்னும் அதே கத்தலா அக்கா?"

சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெட்டுக்கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹாயோன் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "என்கிட்ட பேசின எல்லா சார்ஜன்டும் இதையேதான் சொன்னாங்க. எல்லாரும் சௌக்கியம்னு பாதி அறிக்கையே எழுதிட்டேன். கேக்கிறவ கேப்டனா இருந்தா பாவம் அவங்க வேற என்ன சொல்வாங்க?"

ராணுவத்தை விட்டு வந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குத்துச்சண்டைக் கூடத்தில் கூடுவார்கள். ஆதரவுக் குழு என்று பெயர். பேசுவது குறைவு, குத்துவதுதான் அதிகம். ஹாயோன் வழக்கமாக ஓரத்தில் பார்லி டீ குடித்துக்கொண்டிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு மேடையேறி, சித்தியைக் கூப்பிட்டாள்.

"முடியாது, கேப்டன்!"

"இது உத்தரவு. என் கடைசி உத்தரவு. ஏறி வந்து என்னை அடி."

சித்தி ஏறினாள். பூவைத் தொடுவதுபோல ஹாயோனின் கையுறையைத் தொட்டாள். ஹாயோன் அவள் வாயிலேயே ஒரு குத்து விட்டாள். உதடு கிழிந்து ரத்தம் தாடைக்கு வழிந்தது.

"உன் அடியும் உன் சூப்பு மாதிரிதான்டி இருக்கு. உப்பே இல்ல!"

கீழே நின்ற பெண்கள் ஊளையிட்டார்கள். சித்தியின் கண் சுருங்கியது. அடுத்த குத்து ஹாயோனின் விலாவில் இறங்கியது. அவள் மடங்கி முழங்காலில் விழுந்தாள், இருமினாள், எழுந்தாள்.

"எங்க நின்னுட்டு இருந்தே?" என்று கேட்டுக்கொண்டே சித்தியின் கன்னத்தில் குத்தினாள்.

"கதவுகிட்ட." பதிலோடு ஒரு குத்தும் வந்தது. கேப்டன் என்ற சொல் வரவில்லை.

"அடிச்சது யாரு?"

"மோக். சீனியர் சார்ஜன்ட் மோக். நாய்ப்பய!" இந்தக் குத்தில் ஹாயோனின் மூக்கு உடைந்தது.

"எதால அடிச்சான்?"

"கூடாரக் கம்பி. பூட்ஸ் பளபளக்கலைனு எல்லாரையும் தலையைத் தரையில குத்தி நிக்க வெச்சான். இவ சரிஞ்சு விழுந்தா. விழுந்தவளைக் காதோட சேர்த்து அடிச்சான். காதுலேருந்து ரத்தம் வந்துச்சு. தரையைக் கழுவுடின்னு என்கிட்ட சொன்னான். கழுவினேன். நான்தான் கழுவினேன்!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அடி விழுந்தது. ஹாயோன் கையை உயர்த்தித் தடுத்தாளே தவிர, போதும் என்று சொல்லவில்லை. கயிற்றில் சாய்ந்து ஒரு பல்லைத் துப்பினாள். ஊளையிட்டவர்கள் எப்போதோ அடங்கிவிட்டார்கள். குத்திப் பழகும் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி, யாரையும் பார்க்காமல், "எங்க முகாம்லயும்..." என்று ஆரம்பித்தாள்.

சித்தி மேடையிலிருந்து இறங்கினாள். மிர்யோங் உட்கார்ந்திருந்த பெஞ்சில் தொப்பென்று விழுந்து, அவள் தோளில் வாயை வைத்து, மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். சித்தி முடித்ததும், மிர்யோங் அவள் முகத்தில் பளாரென்று ஒரு அறை விட்டாள். பிறகு அதே கையால் அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் வலது பக்கம் இழுத்து உட்காரவைத்தாள்.

"அந்தக் காது செத்துப்போச்சு அக்கா. இந்தப் பக்கம் வந்து முதல்லேருந்து சொல்லுங்க."

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்த ஹாயோன் ரெக்கார்டரை இருவருக்கும் நடுவில் வைத்தாள். சித்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதுகு கூனியேதான் இருந்தது.

"பல்லுக்கு என்ன பண்ணப் போறே, ஹாயோன்?" என்று கேட்டாள். பிறகு மிர்யோங்கின் வலது காதுப் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.