தனக்கே கை தூக்கிய ஸ்டெல்லா

குரங்குகளுக்கான கங்கோங் கீரையைக் கழுவிக்கொண்டிருந்த காலை நேரத்தில் தீவனக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. ஸ்டெல்லாவின் தம்பி வின்சென்ட். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. விடியக்காலைல, ஆஸ்பத்திரிலயே" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கீரையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். குரங்குகள் பசியில் கத்தத் தொடங்கியதும் உள்ளே வந்துவிட்டேன். விலங்குகளைக் காக்க வைத்துவிட்டு அழுதேன் என்று தெரிந்திருந்தால் ஸ்டெல்லா என்னைத் திட்டியிருப்பார்.

பூன் லே வட்டாரத்து ஸ்டெல்லாவை நம் சங்கத்தில் பலருக்குத் தெரியும். புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இந்தத் தீவில் விலங்குகளை வளர்க்கும் இடங்களில் தீவனத்துக்குப் பொறுப்பாக இருந்த சிலர் எழுபதுகளில் ஒன்றுகூடித் தொடங்கியது இச்சங்கம். எந்த விலங்குக்கு எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று பேசி முடிவெடுத்து அந்தந்த நிர்வாகத்துக்கு எழுதுவோம். ஸ்டெல்லா வேலை பார்த்தது ஓர் இடத்தில், நான் வேறோர் இடத்தில். கூட்டம் மட்டும் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடக்கும்.

அங்கேயும் அவருக்குக் கண்ணெல்லாம் அடுத்தவர் இலையில்தான். "மாணிக்கம், உங்க கரடிக்கும் இப்படித்தான் மூணாந்தடவை சோறு போடுறீங்களா?" என்பார். மொத்த மாடியும் சிரிக்கும். நான் எடுத்த அப்பளத்தைத் திரும்ப வைத்துவிடுவேன்.

செயற்குழுத் தேர்தல் என்று ஆண்டுதோறும் ஒன்று நடக்கும். தேர்தல் என்பது பெயருக்குத்தான். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், பிரியாணி வந்துவிடும். யாரும் யாரையும் எதிர்த்து நின்றதில்லை. அது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். செயலாளர் இடம் காலியான ஆண்டில் என் பெயரைச் சொன்னார்கள். முன்கூட்டியே பேசி வைத்ததுதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஆமோதிக்க ஒருவர் எழுவதற்குள் ஸ்டெல்லா எழுந்து, "நானும் நிக்கிறேன்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அவர் ஏன் நின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். சில வாரங்களுக்கு முன் அவர் பொறுப்பிலிருந்த மான் ஒன்று வயிறு உப்பிச் செத்திருந்தது. பார்வையாளர்கள் அள்ளி அள்ளிப் போட்ட ரொட்டிதான் காரணம். ரொட்டி போடுவதைத் தடுக்கச் சொல்லிச் சங்கம் எழுத வேண்டும் என்று அவர் கேட்டபடியே இருந்தார். நிர்வாகங்களுக்கு அது கசந்தது. மான் வேலியோரம் வந்து பிள்ளைகளின் கையிலிருந்து ரொட்டி தின்பதைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது? அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் செயலாளர்.

கை தூக்கச் சொன்னார்கள். எதிர்த்து நிற்பவருக்கே நம் ஆதரவைத் தருவதுதான் பண்பு என்று எனக்கு ஒரு நினைப்பு. ஸ்டெல்லா பெயர் வந்தபோது பெருந்தன்மையாகக் கை தூக்கினேன். அவரும் எனக்குத் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தனக்கே தூக்கினார், அதுவும் நன்றாக உயர்த்தி. மாடியில் ஒரே முணுமுணுப்பு. ஒரு வாக்கில் தோற்றேன். அது நான் போட்ட வாக்கு.

படியிறங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். "உங்களுக்கு நீங்களே கை தூக்கிக்கிட்டீங்களே, நல்லாவா இருக்கு?"

"என் மேல எனக்கே நம்பிக்கை இல்லன்னா எதுக்கு லா நின்னேன்?" என்றவர், நாலு படி இறங்கியதும் நின்றார். "நீங்க நல்லவரு மாணிக்கம். யாருக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க. மேனேஜர் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தா லெட்டரப் பைக்குள்ள வச்சிடுவீங்க. இன்னொரு மான் சாகுறத என்னால பாக்க முடியாது."

அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பல மாதங்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கடிதம் எழுதினார். மறுத்தார்கள், மறுபடி எழுதினார். அவருடைய மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை.

கடைசியில் என் இடத்துக்கும் வந்தார். எங்கள் மேலாளர், ரொட்டியை நிறுத்தினால் பிள்ளைகள் அழுவார்கள் என்றார். "பிள்ளைங்க அழும், ஓகே சார். மான் அழாது. செத்துப் போயிடும்" என்றார் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழவில்லை. மேலாளர் காப்பி வரவழைத்தார். ஸ்டெல்லா அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் எங்கள் மான் வேலியில் ரொட்டிக்குத் தடை வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

சாகும்வரை அவர்தான் செயலாளர். அந்தத் தேர்தலுக்குப் பின் யாரும் அவரை எதிர்த்து நிற்கவில்லை. அது அவருக்குக் கடைசிவரை வருத்தமாகவே இருந்தது.

தேவாலயத்தில் அவரை வழியனுப்பிவிட்டு ஈசூனில் வீடு வந்து சேர்ந்ததும் தொலைபேசி வந்தது. ஸ்டெல்லாவின் இடத்துக்கு என் பெயரையே போட்டியில்லாமல் எழுதிவிடலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கும் உங்களிடமும் சொல்கிறேன்: யாராவது எதிர்த்து நில்லுங்கள். நானும் நிற்பேன். என் பெயர் வரும்போது முதலில் என் கைதான் உயரும். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், இன்னொரு முறை அவரிடமே தோற்கத்தான் எனக்கு ஆசை.