நான் வாசிக்காமல் விட்ட கடைசிப் பத்தி

அறுபத்தைந்தாம் ஆண்டு என்று நினைவு. இலங்கை மலைநாட்டில் டயகமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு இருபது வயது. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில் சரளமாகப் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலவாக்கலை பஸ்ஸில் பத்திரிகை வரும். லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி அரிசியில் கல் பொறுக்குவாள், ஒருத்தி மகளுக்குப் பேன் பார்ப்பாள். நான் உரக்க வாசிப்பேன்.

அன்று உள்பக்கத்தில் ஒரு செய்தி. ஒரு மைல் அகலமுள்ள பாறை ஒன்று சூரியனைச் சுற்றி வருகிறதாம். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை பூமிக்குப் பக்கமாக வருமாம். இன்னும் மூன்று வருஷத்தில் மறுபடி வரப்போகிறது, மோதிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள் என்று போட்டிருந்தது. வாசிக்க வாசிக்க, அரிசி பொறுக்கிய கையும் பேன் பார்த்த கையும் நின்றுவிட்டன. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. நாற்பது லட்சம் மைல் தள்ளித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாசிக்காமல் பத்திரிகையை மடித்துவிட்டேன். அந்த அமைதியைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அடைமழை, யாரும் வரவில்லை. பிறகு நானும் மறந்துபோனேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது, கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எதிரே வந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி. தலையில் கூடைக் கயிறு, பின்னால் விடுதிப் பிள்ளைகள் போடுகிற மாதிரி இரட்டைப் பின்னல். பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்த முதல் பெண் பிள்ளை அவள். பதினான்கு வயது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்து அவளைப் படிக்க வைத்தாள். அன்று அரிசியில் கல் பொறுக்கியபடி நான் வாசித்ததைக் கேட்டவள் அந்த அம்மாதான்.

“லீவா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர். அம்மா கூட்டியாந்துருச்சு. உலகமே இன்னும் மூணு வருசந்தானாம், கூடவே இருக்கச் சொல்லுச்சு.”

அன்று பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் நேரே லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். அந்த அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், மகள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிப் பத்தியைத் தெரிந்தே விட்டதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “நீங்க மூணு வருசம்னு சொன்னப்பதான் டீச்சர் எனக்கு உறைச்சுச்சு. இவள அனுப்பி நாலு வருசம் ஓடிப்போச்சு. போனப்ப என் இடுப்புக்கு இருந்தா. இப்ப பாருங்க, என் ஒசரம். நடுவுல வளந்தத நான் பாக்கவே இல்ல.”

 திருப்பி அனுப்புங்கள் என்று கேட்க எந்த முகத்தோடு வாய் திறப்பது? அப்போது மகள்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: “அடுத்த வாரம் பரீட்சைம்மா.”

அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “ரொட்டி ஆறிரும், சாப்புடு” என்றாள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மகளோடு பஸ்ஸுக்கு வந்து நின்றாள். நானும் போனேன்.

ஹட்டனில் விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மையார் கண்டிப்பானவர். கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று, இனி இடம் இல்லை என்றார். தவறு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்களெல்லாம் ஒரு டீச்சரா?” என்றார். 

“அவங்கள ஏசாதீங்கம்மா” என்று அந்தத் தாய் குறுக்கே வந்தாள். “காதுல கேட்டது நானு, கூட்டிட்டுப் போனதும் நானு. அவங்க வந்து உண்மையச் சொல்லலேன்னா எம் புள்ள கூடையோட நின்னுருக்கும். தரையில படுத்துக்குவா. இடம் மட்டும் குடுங்க.”

 அந்த அம்மையார் உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்து பிள்ளையின் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தாய் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். லிந்துலை தாண்டிய பிறகுதான் பேசினாள். “அந்தக் கல்லு வர்றப்ப இவ எந்த வகுப்புல இருப்பா டீச்சர்?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பெரிய பரீட்சை எழுதும் வருஷம் என்றேன்.

“அப்ப வரட்டும்” என்றாள்.

அறுபத்தெட்டு ஜூனில் அந்தக் கல் வந்து போனது. எங்களுக்கு மழையும் மூடுபனியும் தவிர வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷம் மகள் பெரிய பரீட்சையில் தேறினாள். எழுபதுகளில், தோட்டத்து ஆட்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பியபோது, தாயும் மகளும் கப்பலேறினார்கள். போன புதிதில் ஒரு கடிதம் வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருப்பதாக மகள் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று.

எனக்கு இப்போது எண்பது ஆகிறது. அன்று அந்த அம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். பழியில் பாதியைத் தானாக வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாளே, அதனால்தான் இத்தனை வருஷம் போன பிறகும் யாரிடம் எந்தச் செய்தியைச் சொல்ல வாயெடுத்தாலும், இதைக் கேட்டு வீட்டுக்குப் போய் இவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டே சொல்கிறேன்.