போகியன்று போட்ட சாம்பிராணி

சென்ற வியாழக்கிழமை எதிர்வீட்டு மும்தாஜ் என்னிடம் ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். நாளிதழிலிருந்து கத்தரித்தது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய தழும்பு. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து உரித்து எடுத்து வந்திருக்கிறாள்.

பார்த்தவுடன் தெரிந்தது - இதே இடத்தில், போகிக்கு முந்தைய வாரம் நான் எழுதிய பத்தி.

"நல்லா பாருங்க டீச்சர். இதுல நான் எதையாச்சும் படிக்காம உட்டுட்டேனா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன், நடந்ததை உங்களிடமும் சொல்லியாக வேண்டும்.

மும்தாஜின் கணவர் ஹமீது பாய். நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் அத்தர், ஊதுவத்தி, சாம்பிராணி விற்கும் சின்னக் கடை அவருடையது. பல வருடங்களாக வீசிங். பனிக்காலம் வந்துவிட்டால், சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இன்ஹேலர் இருக்கும். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பத்தியையே எழுதினேன். போகிப் புகை அடங்கும்வரை ஜன்னல்களைச் சாத்துங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். அன்று காலை நடைப்பயிற்சி வேண்டாம். வெளியே போயே தீர வேண்டுமென்றால் கைக்குட்டை போதாது, என்-95 மாஸ்க் அணியுங்கள். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்...

மும்தாஜ் ஒன்றுவிடாமல் செய்தாள்.

போகியன்று விடியும்போதே தெருவில் கிழிந்த பாய், தலையணை, டயர் எல்லாம் எரியத் தொடங்கிவிட்டன. ஆறு மணிக்கு என் வாசலிலிருந்து பார்த்தால் எதிர்வீடு தெரியவில்லை. ஏழு மணிக்கு, அந்தப் புகைக்குள் ஓர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இளம் பெண் மருத்துவர் மும்தாஜிடம் கேட்டார்:

"வீட்டுக்குள்ள பொகை ஏதாவது இருந்துச்சாம்மா?"

"ஐயோ, துளி உடல மேடம். எல்லாத்தையும் சாத்திட்டேன். டயர் நாத்தம் மட்டும் எப்படியோ உள்ள வந்துடிச்சி. அதப் போக்கணும்னு ரெண்டு ரூமுக்கும் சாம்பிராணி போட்டேன். நம்ம கடைச் சரக்கு... நயம் சாம்பிராணி."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நம் மொழியில் சாம்பிராணியை யாரும் கொளுத்துவதில்லை - கவனித்திருக்கிறீர்களா? போடுகிறோம். காயத்துக்கு மருந்து போடுவதைப்போல. தலைக்குக் குளித்த குழந்தைக்குப் போடுகிறோம். அந்தி சாய்ந்தால் வீட்டுக்குப் போடுகிறோம். தெருவில் கிளம்பினால்தான் அது புகை. நம் வீட்டுத் தணலில் கிளம்பினால் வாசனை. நுரையீரலுக்கு இந்த இலக்கணம் தெரியாது.

மூன்றாம் நாள் ஹமீது பாய் சற்றுத் தேறினார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு என்னிடம் பேசினார்.

"ஊருக்கெல்லாம் சாம்பிராணி வித்தேன் டீச்சரம்மா... வூட்டுலயே ஒரு சாம்பிராணி இருக்கறத கவனிக்கல." மனைவியின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"மூச்சுக்கே வழியக் காணோம், இதுல நக்கல் வேறயா? பேசாம படுங்க!" - மும்தாஜ் மாஸ்க்கை இழுத்துச் சரிசெய்தாள். மூவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

இப்போது அந்தக் காகிதம் என் கையில். மும்தாஜ் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

நான் முதலில் எழுதியபோது அதில் இன்னொரு வரி இருந்தது. பத்தி, ஒதுக்கிய இடத்தை மீறி நீண்டுவிட்டது. எதையாவது எடுத்தாக வேண்டும். எரிப்பதற்குப் பழைய டயர் இல்லாமல் பஞ்சர் கடையில் இரவல் வாங்கி வந்த ஒருவரைப் பற்றி ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? அதை எடுக்க மனம் வரவில்லை. அந்த வரியை எடுத்தேன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"நீ எதையும் விடல மும்தாஜ்," என்றேன். "நாந்தான் விட்டுட்டேன்."

என்ன வரி என்று கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காகிதத்தை வாங்கி, நான்காக மடித்தாள்.

"அந்த டயர் ஜோக்க அவுருக்குப் படிச்சிக் காட்டுனேன் டீச்சர். ரொம்ப சிரிச்சாரு."

இந்த வாரம் நகைச்சுவை இல்லை. அதனால் இடம் இருக்கிறது. நான் எடுத்த வரி இதுதான்: ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் எதையும் கொளுத்தாதீர்கள் - சாம்பிராணி போடுவதும் கொளுத்துவதுதான்.